ரகசியத்தைச் சொல்லிவிடலாமா?



போன பதிவு போட்டு ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. "சார், உடம்புக்கு ஏதாவதா?" என்று மூன்று பேர் போன் செய்தே கேட்டுவிட்டீர்கள். உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. ஒரு மாதமாகப் படித்துக்கொண்டிருந்தேன். என்ன படித்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். விளையாட்டுப் புத்தகங்கள். வழக்கம்போல நீளமான பதிவு, காபியோடு உட்காருங்கள்.

என் மகள் வயிற்றுப் பேரன் பெங்களூரில் இன்ஜினியரிங் கடைசி வருஷம் படிக்கிறான். சனிக்கிழமை இரவானால் அவனும் நண்பர்கள் ஐந்து பேரும் ஓர் அறையில் உட்கார்ந்து 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்று ஒரு விளையாட்டு விளையாடுகிறார்கள். கம்ப்யூட்டர் விளையாட்டு என்றுதான் முதலில் நினைத்தேன். இல்லை. பேப்பர், பென்சில், பகடை, வாய்ப்பேச்சு, அவ்வளவுதான். ஒருவன் நடத்துனர். அவனுக்கு 'டஞ்சன் மாஸ்டர்' என்று பெயர். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம் எடுத்துக்கொள்வார்கள். ஒருத்தி வீராங்கனை, ஒருவன் திருடன், ஒருவன் மந்திரவாதி. "முன்னால் ஒரு பாழடைந்த கோட்டை, கதவு பாதி திறந்திருக்கிறது" என்று நடத்துனர் சொல்வான். "நான் உள்ளே எட்டிப் பார்க்கிறேன்" என்பான் ஒருவன். பலிக்குமா பலிக்காதா என்பதை இருபது முகம் கொண்ட ஒரு பகடை சொல்லும். வெற்றி, தோல்வி என்று முடிவு கிடையாது. கதை வாரா வாரம் போய்க்கொண்டே இருக்கும். நடத்துனர் முன்னால் ஓர் அட்டைத் தடுப்பு. அதற்குப் பின்னால் வரைபடமும் ரகசியங்களும் அவனிடம் மட்டும் இருக்கும்.

பேரன்தான் நடத்துனர். அவர்கள் விளையாடும் கற்பனை உலகத்தின் பெயர் எபரான். அங்கே நூறு வருஷத்துக்கு மேல் ஒரு பெரும் போர் நடந்தது. 994-ஆம் ஆண்டில் (அவர்கள் கணக்குப்படி) சைர் என்ற நாடு ஒரே நாளில் அழிந்துபோனது. மக்கள், ஊர்கள், வயல்கள் எல்லாம். இன்று எல்லையில் சாம்பல் நிறத்தில் ஒரு மூடுபனிச் சுவர் மட்டும் நிற்கிறது. யார் செய்தது, எந்த ஆயுதம், விபத்தா சதியா, ஒருவருக்கும் தெரியாது. பயந்துபோய் இரண்டு வருஷத்தில் மற்ற நாடுகள் சமாதானம் செய்துகொண்டன. ஆட்டம் தொடங்குவது 998-இல்.

இரண்டு வருஷமாக ஐந்து பேரும் அந்த மர்மத்தைத் துரத்துகிறார்கள். காரணம் என்ன என்பதைப் பேரன் முதல் வாரமே முடிவு செய்து ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறான். இப்போது படிப்பு முடிகிறது. ஒருத்திக்கு ஹைதராபாத்தில் வேலை, ஒருவன் மேல்படிப்புக்கு வெளிநாடு போகிறான். இன்னும் நான்கு சனிக்கிழமைதான் பாக்கி. அதற்குள் கதை அந்த இடத்துக்கு வந்து சேராது. "கடைசி நாளாவது சொல்லிடுடா" என்று இரண்டு பேர் கெஞ்சுகிறார்கள். "சொன்னா நான் உன்கூடப் பேசவே மாட்டேன்" என்கிறாள் ஒருத்தி.

போன் வந்தது. "தாத்தா, நீங்க ஹிஸ்டரி வாத்தியார்தானே. சொல்லணுமா, வேண்டாமா?"

அவன் குரலில் விளையாட்டு இல்லை. நான்கு வருஷம் ஒன்றாக இருந்த பிள்ளைகள் பிரியப்போகிறார்கள். அந்தப் பிரிவை எப்படி முடிப்பது என்றுதான் கேட்கிறான் என்று எனக்குப் பட்டது. "யோசிச்சு சொல்றேன்பா" என்றேன். முப்பத்திரண்டு வருஷம் வரலாறு சொல்லிக் கொடுத்தவனுக்கு யோசிக்கத் தெரிந்த வழி ஒன்றுதான்: இதற்கு முன்னால் யாராவது இந்தக் கேள்வியில் மாட்டிக்கொண்டார்களா என்று பார்ப்பது. பார்த்தால், ஐம்பது வருஷமாக இதே கேள்வியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள்!

* * *

1974-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் லேக் ஜெனீவா என்ற சின்ன ஊரிலிருந்து இந்த ஆட்டம் வெளிவந்தது. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் உருவாக்கியது. ஒரு பெட்டிக்குள் மூன்று சிறு புத்தகங்கள். முதல் அச்சு ஆயிரம் பிரதிகள். மூன்றாவது புத்தகத்தின் கடைசியில், சந்தேகம் வந்தால் உங்களுக்குப் பிடித்தபடி நீங்களே தீர்மானித்துக்கொள்ளுங்கள், உங்கள் கற்பனை வேலையை நாங்கள் எதற்குச் செய்ய வேண்டும் என்கிற பொருளில் எழுதி முடித்திருந்தார்கள். அதாவது உலகம் உங்களுடையது, ரகசியமும் உங்களுடையது. அப்போது ரகசியம் வெளியாகும் என்ற பேச்சுக்கே இடமில்லை. அது ஒவ்வொரு நடத்துனரின் நோட்டுப் புத்தகத்தில் மட்டும் இருந்தது.

ஆட்டம் வளர்ந்ததும் புத்தகங்கள் இரண்டாகப் பிரிந்தன. 1978-இல் ஆட்டக்காரர்களுக்கான கையேடு, 1979-இல் நடத்துனருக்கான கையேடு. இரண்டாவதின் முன்னுரையில், ஆட்டக்காரன் எவனாவது இதை வாங்கி வைத்துக்கொண்டால் அது கௌரவமான காரியமில்லை என்ற தோரணையில் கைகாக்ஸ் பாதி வேடிக்கையும் பாதி கண்டிப்புமாக எழுதினார். ஆசிரியர் கையேட்டை மாணவன் கடையில் வாங்கிவிட்டால் நமக்கு எப்படி இருக்கும்? அந்தக் கோபம்தான்.

அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. 'டூம் ஆஃப் ஹாரர்ஸ்' என்று அவர் எழுதிய ஒரு கல்லறைச் சாகசம். 1975-இல் ஒரு விளையாட்டு மாநாட்டில் நடத்தி, 1978-இல் புத்தகமாக வெளியிட்டார். அதில் ஒரு நடைபாதையின் முடிவில், பச்சை நிறத்தில் ஒரு பிசாசு முகம் வாயைப் பிளந்துகொண்டு இருக்கும். உள்ளே நுழைந்தவன் சுவடே இல்லாமல் போவான். இதை ஒருமுறை தெரிந்துகொண்டவன் மறுபடி அந்த வாய்க்குள் போவானா? அந்தச் சாகசத்தின் உயிர் முழுவதும் இதுபோன்ற பொறிகளில்தான் இருந்தது. விடை தெரிந்தால் விடுகதை செத்தது.

இதற்கு நேர் எதிரான உதாரணம் ஐந்தே வருஷத்தில் வந்தது. 1983-இல் டிரேசி ஹிக்மன், லாரா ஹிக்மன் என்ற கணவன் மனைவி எழுதிய 'ரேவன்லாஃப்ட்'. மலைமேல் ஒரு கோட்டை, அதில் ஸ்ட்ராட் என்ற ரத்தக்காட்டேரிப் பிரபு. அவன் காட்டேரி என்பது அட்டைப் படத்தைப் பார்த்தாலே தெரியும். ரகசியமே இல்லை. ஆனால் அந்தத் தம்பதி ஒரு வேலை செய்திருந்தார்கள். ஆட்டத்தில் குறி சொல்லும் ஒரு பெண் வருவாள், அவள் சீட்டு எடுப்பாள். அவனை வெல்ல உதவும் பொருட்கள் கோட்டையில் எங்கெங்கே இருக்கின்றன, இந்தத் தடவை அவன் என்ன திட்டத்தோடு இருக்கிறான் என்பதை அந்தச் சீட்டுகள் தீர்மானிக்கும். புத்தகத்தை மனப்பாடம் செய்தவனுக்கும் இன்றைக்கு என்ன நடக்கும் என்று தெரியாது. 2016-இல் அதை விரிவாக்கி மறுபடி வெளியிட்டார்கள். சீட்டு எடுக்கும் வழக்கம் அதிலும் உண்டு. நாற்பது வருஷமாக ஊருக்கே தெரிந்த ரகசியத்தை ஜனங்கள் இன்னும் ஆசையாக விளையாடுகிறார்கள்.

இதை எழுதி வைத்துக்கொண்டேன். பொறி எங்கே இருக்கிறது என்ற ரகசியம் வெளியானால் தீர்ந்தது. ஒரு மனிதன் எப்படிப்பட்டவன் என்ற ரகசியம் வெளியானாலும், அவனை என்ன செய்வது என்ற கேள்வி பாக்கி இருக்கிறது. ஆனால் பேரனுடையது இந்த இரண்டிலும் சேரவில்லை. அது ஓர் உலகம் ஏன் இப்படி ஆனது என்ற ரகசியம். அதற்கு வேறு உதாரணம் தேட வேண்டியிருந்தது.

* * *

தேடியபோது முதலில் அகப்பட்டவர் இந்த ஆட்டங்களுக்கெல்லாம் பாட்டன் முறை வேண்டியவர், இங்கிலாந்தின் ஜே.ஆர்.ஆர். டோல்கீன். 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' எழுதியவர். அந்தக் கதையில் டாம் பாம்படில் என்று ஒரு கிழவர் வருவார். யார், எங்கிருந்து வந்தார் என்று கடைசிவரை விளக்கம் இல்லை. 1954-இல் ஒரு கடிதத்தில், புராண காலத்திலும் சில புதிர்கள் இருந்துதான் ஆக வேண்டும், பாம்படிலைத் தெரிந்தேதான் அப்படி விட்டேன் என்ற கருத்தை எழுதியிருக்கிறார். 1963-இல் இன்னொரு கடிதம். அந்தக் கதைக்குப் பின்னால் மங்கலாகத் தெரியும் பழைய வரலாறுதான் அதன் கவர்ச்சியில் ஒரு பங்கு. தூரத்துத் தீவைப் பார்ப்பது மாதிரி. அங்கேயே போய் இறங்கிவிட்டால் அந்த மயக்கம் போய்விடும். போகத்தான் வேண்டும் என்றால், அங்கிருந்து பார்க்க மறுபடியும் எட்டாத தூரங்கள் இருக்க வேண்டும். இதுதான் அவர் கவலை. அந்தப் பழைய வரலாறு 'சில்மரில்லியன்' என்ற பெயரில் அவர் இறந்து நான்கு வருஷம் கழித்து, 1977-இல், மகன் கிறிஸ்டஃபர் முயற்சியால்தான் வெளிவந்தது.

இந்த நிபந்தனையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

அடுத்து, நிபந்தனை மீறப்பட்ட கதை. 1991-இல் 'டார்க் சன்' என்று ஓர் உலகம் வெளியானது. அத்தாஸ் என்ற பாலைவன பூமி. சிவந்த சூரியன், தண்ணீர் இல்லை, இரும்பு பொன்னைப்போல அரிது. மந்திரம் போட்டால் சுற்றியிருக்கும் செடிகொடியின் உயிரையே அது உறிஞ்சிவிடும். நகரங்களைச் சாகாவரம் பெற்றவர்கள் போன்ற மந்திரவாதி அரசர்கள் ஆண்டார்கள். இந்த உலகம் எப்படி இந்தக் கதிக்கு வந்தது? பெட்டியில் அங்கங்கே குறிப்புகள் மட்டும். வாங்கியவர்களுக்குப் பைத்தியம் பிடித்தது போல ஆசை.

அதே வருஷம் அதே நிறுவனம் அந்த உலகத்தை வைத்து ஒரு நாவல் வரிசையும் தொடங்கியது. ட்ராய் டென்னிங் எழுதியது. முதல் நாவலிலேயே டைர் நகரத்து அரசன் கலாக் கொல்லப்பட்டான். 1993-இல் ஐந்தாவது நாவல் முடியும்போது, ஊரே நடுங்கிய டிராகனும் செத்துப்போனது, பழைய பெரும்போரின் கதையும் தெரிந்துவிட்டது. எல்லாம் செய்தது நாவலின் கதாநாயகர்கள். 1995-இல் அந்த நிகழ்ச்சிகளுக்குப் பிந்தைய காலத்தை வைத்து, உலகத்தின் பழைய வரலாற்றை விளக்கமாக எழுதி, புதிய பெட்டி ஒன்று வந்தது. எழுதியவர் பில் ஸ்லாவிசெக்.

இப்போது ஒரு நடத்துனரின் நிலைமையை யோசியுங்கள். உங்கள் மேஜையில் பிள்ளைகள் ஒரு வருஷமாக அரசன் கலாக்கை வீழ்த்தத் திட்டம் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். கடையில் விற்கும் புத்தகத்தில் வேறு யாரோ அவனைக் கொன்று முடித்தாயிற்று. உங்கள் பிள்ளைகள் நாடகத்தில் திரை பிடிக்கிறவர்கள் ஆகிவிட்டார்கள். 2010-இல் இந்த உலகத்தை மறுபடி வெளியிட்டபோது என்ன செய்தார்கள் தெரியுமா? கடிகாரத்தைத் திருப்பி வைத்தார்கள். கலாக் இப்போதுதான் செத்திருக்கிறான், அடுத்து நடப்பது உங்கள் கையில் என்ற இடத்தில் நிறுத்திவிட்டார்கள். ஒரு நிறுவனம் தன் தவறைச் சொல்லாமல் சொன்ன இடமாக நான் இதை எடுத்துக்கொள்கிறேன்.

அப்படியானால் வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் வழியா? அதுவும் இல்லை. கனடாவில் நூலகத்தில் வேலை பார்த்த எட் கிரீன்வுட் என்பவர் சிறு வயதிலிருந்தே மனசுக்குள் வளர்த்துவந்த 'ஃபர்காட்டன் ரெல்ம்ஸ்' என்ற உலகம் 1987-இல் பெட்டியாக வந்தது. அதில் விவரத்துக்குப் பஞ்சமே இல்லை. ஊர், கடைத்தெரு, சத்திரம், சத்திரக்காரன் வரை. அத்தனை விவரம் இருந்ததால்தான் புதிதாக நடத்த வந்தவர்களுக்குத் துணிவு வந்தது. வெறும் வெள்ளைத்தாளைக் கொடுத்து "கட்டுரை எழுது" என்றால் எத்தனை பிள்ளை எழுதும்? நாலு குறிப்பு கொடுத்தால்தானே பேனா ஓடும். கிரீன்வுட் இன்னொன்றும் செய்தார். பத்திரிகைகளில் எழுதும்போது பல விஷயங்களைத் தானாகச் சொல்லாமல், எல்மின்ஸ்டர் என்ற வயதான ஞானி வந்து சொன்னதாக எழுதினார். கிழவருக்கு மறதி இருக்கலாம், வேண்டுமென்றே மறைக்கலாம். ஆகவே நடத்துனர் மாற்றிக்கொள்ள எப்போதும் ஒரு சந்து இருந்தது. அப்படியும் நாவல்கள் குவியக் குவிய, எல்லா நாவலையும் படித்த ஆட்டக்காரன் நடத்துனரையே திருத்துகிறான் என்ற புகார் எழாமல் இல்லை.

* * *

எனக்கு மிகவும் பிடித்துப்போனவர் கிரெக் ஸ்டாஃபோர்ட் என்ற அமெரிக்கர் (1948–2018). 1966-இல் கல்லூரி மாணவராக இருந்தபோது குளோரந்தா என்ற உலகத்தைப் பற்றி எழுத ஆரம்பித்தார். 1975-இல் அதை ஒரு பலகை விளையாட்டாக வெளியிட, கேயோசியம் என்ற பதிப்பகத்தைத் தொடங்கினார். 1978-இல் 'ரூன்குவெஸ்ட்' வந்தது. அதன்பிறகு நாற்பது வருஷம் அந்த உலகத்தின் ரகசியங்களை ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டே இருந்தார்.

பிரச்சினை என்னவென்றால், அவர் அடிக்கடி புதிதாகக் கண்டுபிடிப்பார். நேற்றுவரை ஒரு வெற்றிடமாக இருந்த நாட்டை நீங்கள் உங்கள் மேஜையில் அழகாக நிரப்பியிருப்பீர்கள். அவர் புதுப்புத்தகம் வரும், உங்கள் கட்டுமானம் சரியும். ரசிகர்கள் இதற்கு அவர் பெயரையே வினைச்சொல் ஆக்கிவிட்டார்கள்: "எங்கள் கதை கிரெக் ஆகிவிட்டது" என்பார்கள்! மனிதர் கோபித்துக்கொள்ளவில்லை. அந்த வட்டாரத்தில் ஒரு பழமொழியே வழக்கத்தில் இருக்கிறது: உன் குளோரந்தா வேறாகத்தான் இருக்கும்.

அதோடு நிற்காமல் 1992-இல் ஒரு புத்தகம் போட்டார். 'கிங் ஆஃப் சார்ட்டார்'. ஒரு நாவலைப்போல நேராகக் கதை சொல்லாது. அந்த உலகத்து வரலாற்று ஆசிரியர்கள் பிற்காலத்தில் தொகுத்த பழைய ஆவணங்கள் என்ற பாவனையில் இருக்கும். ஒரு பெரிய வீரனைப் பற்றிய ஏடுகள். ஒன்று சொல்வதை இன்னொன்று மறுக்கும். ஒரே ஆளா, ஒரே பெயரில் பல பேரா என்பதே சந்தேகமாகிவிடும். என் பி.ஏ. வகுப்பே ஞாபகம் வந்துவிட்டது! கல்வெட்டு ஒன்று சொல்லும், பயணி ஒருவர் ஒன்று சொல்வார், அரசவைப் புலவர் மூன்றாவதாக ஒன்று சொல்வார். உண்மை நடுவில் எங்கேயோ. ஸ்டாஃபோர்ட் ரகசியத்தை மறைக்கவில்லை. நிறையவே சொன்னார். ஆனால் சொன்னதை எல்லாம் சாட்சிகளின் வாக்குமூலமாகச் சொன்னார், தீர்ப்பாகச் சொல்லவில்லை. டோல்கீன் கேட்ட நிபந்தனை இதில் நிறைவேறிவிடுகிறது. ஒரு தீவில் இறங்கினால் அங்கிருந்து மூன்று தீவு தெரிகிறது.

இனி பேரனின் எபரானுக்கு வருகிறேன். 2002-இல் ஒரு நிறுவனம் புதிய கற்பனை உலகத்துக்குப் போட்டி வைத்தது. பதினோராயிரத்துக்கு மேற்பட்டவர்கள் எழுதி அனுப்பினார்கள். வென்றவர் கீத் பேக்கர். 2004-இல் புத்தகம் வந்தது. அதில்தான் அந்த அழிந்த நாடு சைர். காரணத்தை நாங்கள் ஒருபோதும் அதிகாரபூர்வமாகச் சொல்லமாட்டோம், ஒவ்வொரு நடத்துனரும் தானே முடிவு செய்துகொள்ளட்டும் என்பதைக் கொள்கையாகவே வைத்துவிட்டார்கள். நாவல்களில் நடப்பது ஆட்டத்தைக் கட்டுப்படுத்தாது என்றும் முடிவு. புத்தகங்கள் எத்தனை வந்தாலும் தொடக்கம் அதே 998-ஆம் ஆண்டுதான்.

அந்தப் புத்தகத்தை எழுதிய மூன்று பேரில் ஒருவர் யார் தெரியுமா? பில் ஸ்லாவிசெக். 1995-இல் டார்க் சன் உலகத்தின் முடிச்சுகளை அவிழ்த்து எழுதினாரே, அவரேதான்! அந்த அனுபவம்தான் இந்த முடிவுக்குக் காரணமா என்று நான் சொல்லமாட்டேன், அதற்கு ஆதாரம் வேண்டும். இரண்டிலும் அவர் பெயர் இருப்பது மட்டும் உண்மை.

இன்னொன்றையும் கவனித்தேன். எபரானில் அந்த அறியாமைக்கு ஒரு வேலை இருக்கிறது. யார் செய்தது என்று தெரியாததால்தான் எல்லா நாடும் கத்தியை உறையில் போட்டிருக்கிறது. தெரிந்தால் மறுநாள் போர். ஆக அங்கே மர்மம் என்பது கதைக்குப் போட்ட பொட்டு இல்லை, வீட்டைத் தாங்கும் தூண். தூணை எடுக்கலாமா கூடாதா என்பதை அந்த வீட்டில் குடியிருப்பவர்கள்தான் சொல்ல வேண்டும்.

* * *

இவ்வளவு படித்த பிறகும் பேரனுக்குப் போன் செய்யக் கை வரவில்லை. காரணம் வேறு. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவதோ மூன்றாவதோ வருஷம். ஒன்பதாம் வகுப்பு. சிந்துவெளி நாகரிகம் ஏன் அழிந்தது என்று பாடம். ஆரியர் படையெடுப்பு என்பதுதான் அன்றைக்கு நான் வைத்திருந்த விடை. கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தேன். பின் வரிசையில் ஒரு பையன் எழுந்தான். "சார், ஆறு வேற பக்கம் போயிருந்தா?" என்றான். அவன் ஊரில் ஆற்றில் தண்ணீர் வருவது நின்று, பாதிக் குடும்பங்கள் ஊரைக் காலி செய்திருந்தன. அவன் கண்ணால் பார்த்ததிலிருந்து கேட்டான். நான், "நாங்களும் படிச்சுட்டுதான் வந்திருக்கோம். இருக்கிறதை எழுது, மார்க் வரும்" என்றேன். வகுப்பு சிரித்தது. அவன் உட்கார்ந்தான். அதன்பிறகு அந்த வருஷம் முழுவதும் அவன் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

மொகஞ்சதாரோவில் கிடைத்த எலும்புக்கூடுகளை வைத்து, படையெடுப்பில் நடந்த படுகொலை என்ற கருத்தை மார்ட்டிமர் வீலர் 1947-இல் முன்வைத்தார். 1964-லேயே ஜார்ஜ் டேல்ஸ் என்ற அமெரிக்கத் தொல்லியலாளர் அந்த எலும்புக்கூடுகள் பற்றிய சான்றுகளை மறுபடி ஆராய்ந்து, அப்படியொரு படுகொலைக்கு ஆதாரம் இல்லை என்று எழுதிவிட்டார். நான் அந்த வகுப்பில் நின்றபோது அந்தக் கட்டுரைக்கு வயது இருபதுக்கு மேல். எனக்குத் தெரியாது. இன்று பருவமழை குறைந்தது, ஆறுகள் தடம் மாறியது, வற்றியது என்று பல காரணங்களைச் சேர்த்துத்தான் பேசுகிறார்கள். அந்தப் பையன் கேட்டது நல்ல கேள்வி. அவனுக்கு நான் விடை சொன்னது தப்பில்லை. அதுதான் கடைசி விடை என்ற குரலில் சொன்னதுதான் தப்பு. விடையும் தப்பாகப் போனது கூடுதல் தண்டனை.

இதை எழுதி முடித்த பிறகுதான் பேரனைக் கூப்பிட்டேன். "சொல்லு. ஆனா முதல்ல நீ சொல்லாதே. அவங்க அஞ்சு பேரையும் ஆளுக்கொரு காரணம் சொல்லச் சொல்லு. கடைசியா உன் நோட்டைப் படி. படிக்கும்போது இதுதான் நடந்துச்சுன்னு படிக்காதே. அந்த ஊர்ல ஒரு ஆள் இப்படி எழுதி வெச்சிருக்கான்னு படி." அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்ப நான் ரெண்டு வருஷம் யோசிச்சது சும்மா ஒரு ஆளோட கருத்தா, தாத்தா?" என்றான். வருத்தம் தெரிந்தது. "வரலாற்றுல எல்லாரும் அப்படித்தான்பா" என்றேன். அவனுக்கு அது ஆறுதலாக இருந்த மாதிரி தெரியவில்லை.

போன சனிக்கிழமை கடைசி ஆட்டம். இரவு ஒன்றே முக்காலுக்குப் போன். பாட்டி பதறிவிட்டாள்.

நடந்தது இதுதான். ஐந்து பேரும் சொல்லியிருக்கிறார்கள். "சொன்னா பேசமாட்டேன்" என்ற பெண் கடைசியாகச் சொன்னாளாம். அவள் பாத்திரத்தின் அம்மா சைர் நாட்டில் ஆயுதம் செய்யும் விஞ்ஞானி. அம்மா கைதவறிச் செய்ததுதான் அந்த அழிவு என்று முதல் மாதத்திலிருந்தே அவள் மனசுக்குள் வைத்திருந்தாள். இரண்டு வருஷமாக அவள் எடுத்த ஒவ்வொரு முடிவும், யாரையும் கொல்லாமல் விட்டது, அகதிகளுக்குக் காசு கொடுத்தது எல்லாம், அந்தப் பாவத்தைக் கழுவத்தான். மேஜையில் ஒருவருக்கும் தெரியாது. நடத்துனரான இவனுக்கே தெரியாது! அவன் நோட்டில் இருந்ததோ முற்றிலும் வேறு. "அந்த ஆள் எழுதி வெச்சது தப்பு" என்று அவள் ஆரம்பிக்க, மணி பதினொன்றிலிருந்து ஒன்றரை வரை ஆதாரம் காட்டிச் சண்டை. பழைய வாரக் குறிப்புகளை எல்லாம் எடுத்துப் புரட்டினார்களாம். ஒருவன் அவள் பக்கம், இரண்டு பேர் இவன் பக்கம், ஒருவன் இருவரும் தப்பு என்கிறானாம்.

"நான் நேரா உடைச்சு சொல்லியிருந்தா அவ அம்மா கதையை வெளியவே சொல்லியிருக்க மாட்டா, தாத்தா" என்றான். பிறகு, "ஆனா என் கதைதான் நல்லா இருந்துச்சு" என்றும் சொன்னான். அடுத்த மாதத்திலிருந்து ஆளுக்கொரு ஊரிலிருந்து வீடியோவில் கூடி, வழக்கை விசாரிக்கப் போகிறார்களாம்.

இதைப் படிக்கும் உங்களில் பல பேர் இன்று ஆசிரியர்கள், அப்பா அம்மாக்கள். பிள்ளைகளிடம் விடையை மறைத்து வையுங்கள் என்று நான் சொல்லவில்லை. மறைத்தே வைத்தால் அவர்களுக்குக் கால் ஊன்ற இடமில்லாமல் போகும். சொல்லுங்கள். சொல்வதற்கு முன்னால் அவன் மனசில் ஏற்கெனவே ஒரு விடை இருக்கிறதா என்று ஒரு நிமிஷம் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். எனக்கு அந்த ஒரு நிமிஷம் இருந்தது, நான் கேட்கவில்லை.

ஒன்பதாம் வகுப்பில் பின் வரிசையில் இருந்த அந்தத் தம்பி இந்தப் பக்கத்தில் இருக்கிறானா என்று தெரியவில்லை. பெயர் ஞாபகம் இருக்கிறது, பொதுவில் போடுவது முறையில்லை. தம்பி, நீ இதைப் படித்தால், அன்றைக்கு ஆற்றைப் பற்றி என்ன சொல்ல வந்தாய் என்று கீழே முழுசாக எழுது. இந்தத் தடவை நான் குறுக்கே பேசமாட்டேன்.

அன்புடன்,
உங்கள் பழைய வரலாற்று வாத்தியார்